நாலாயிரத்து நூற்றுப் பதினேழாவது படம்

பிப்ரவரி 14, வெள்ளி

பதினொன்றாவது படத்தில் செத்தது. இன்றைக்கு இது மூன்றாவது முறை.

செத்தது என் ஆப். கொன்றது நான்தான் என்பது சாயங்காலம்தான் தெரிந்தது. பால்துரை அண்ணாச்சியின் கேமரா எடுக்கும் ஒரு படம், ஃபோனின் நினைவகத்தில் விரியும்போது தொண்ணூற்றாறு எம்பி இடத்தைப் பிடிக்கிறது. திரையில் அது தெரிவதோ தபால்தலை அளவு. தபால்தலை அளவுக்குக் காட்ட, சுவர் அளவுப் படத்தை அப்படியே உள்ளே இழுத்திருக்கிறேன். பத்துப் படம் உள்ளே வந்ததும் ஃபோன் மூச்சுத் திணறி, ஆப்பை வெளியே தள்ளிவிடுகிறது. ஐந்து வருட அனுபவக்காரி செய்கிற காரியமா இது?

அண்ணாச்சி பாளையங்கோட்டையில் இருபத்தாறு வருடமாகக் கல்யாணப் படம் எடுக்கிறார். சென்னை வேலையை விட்டுவிட்டு (நானாகத்தான் விட்டேன்) வீட்டில் உட்கார்ந்திருந்த என்னை, ஸ்டுடியோ மாடியில் ஒரு மேசை போட்டு உட்காரவைத்தவர். அவருடைய பிரச்சினை ஒன்றே ஒன்றுதான்: ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுத்துக் கொடுக்க எந்தக் குடும்பத்துக்கும் கை வருவதில்லை.

"பென்டிரைவ் குடுத்தா அவ்வளவுதாம்மா, பீரோவுக்குள்ள போயிரும். பிள்ளை பிறந்து, மொட்டை போட்டு, காது குத்துக்குப் படம் எடுக்க என்னையே கூப்பிடுவாவ. அப்பவும் கல்யாண ஆல்பத்துக்கு லிஸ்ட் வந்திருக்காது."

என் ஆப்பில் வீட்டிலுள்ள எல்லோரும் அவரவர் ஃபோனிலேயே எல்லாப் படத்தையும் தள்ளித் தள்ளிப் பார்த்து, பிடித்ததில் டிக் போடலாம். முந்நூறு சேர்ந்ததும் 'முடிந்தது' என்று அழுத்தினால் வேலை தீர்ந்தது. செத்துப்போகாமல் இருந்தால்.

பிப்ரவரி 15, சனி

அண்ணாச்சி கெடு வைத்துவிட்டார்.

மார்ச் 9, ஞாயிறு, இங்கே பக்கத்தில் வண்ணார்பேட்டையில் மாவட்டப் புகைப்படக்காரர்கள் சங்கக் கூட்டம். அதற்குள் ஒரே ஒரு குடும்பமாவது என் ஆப்பில் லிஸ்ட்டை முடித்துக் கொடுத்துவிட்டால், மேடையேறி எல்லா ஸ்டுடியோக்காரர்களுக்கும் காட்டுவார். பதினாலு பேர் இப்போதே கேட்டு வைத்திருக்கிறார்களாம். முடியாவிட்டால் மறுபடியும் பென்டிரைவ்தான், நான் மறுபடியும் சென்னைதான். அங்கே ஒரு கம்பெனி மார்ச் 10க்குள் பதில் சொல்லச் சொல்லியிருக்கிறது. அம்மா அந்தத் தேதியை அடுப்படிக் காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்திருக்கிறாள்.

எனக்குச் சென்னை வேண்டாம். எழுதியே வைக்கிறேன்: வேண்டாம், வேண்டாம், வேண்டாம்.

பிப்ரவரி 17, திங்கள்

அந்த ஒரே குடும்பம் கிடைத்துவிட்டது! டவுனில் பாத்திரக்கடை வைத்திருக்கும் சங்கரலிங்கம் சார் வீட்டுக் கல்யாணம். மகள் வடிவு, மாப்பிள்ளை தாணு. போன மாதம் நடந்த கல்யாணம், மொத்தம் ஆறாயிரத்து இருநூற்றுப் பதினெட்டுப் படம். மார்ச் 14 அன்று இரண்டு பேரும் மஸ்கட்டுக்குப் பறக்கிறார்கள். அதற்குமுன் லிஸ்ட் கொடுத்தே ஆக வேண்டும் என்று வடிவு ஒற்றைக் காலில் நிற்கிறாள். எனக்கு இதைவிட நல்ல ஆள் கிடைக்காது.

பெரிய படங்களை சர்வரிலேயே நிறுத்திவிட்டு, ஒவ்வொன்றுக்கும் முப்பது கேபி அளவில் சின்னப் பிரதி எடுத்தேன். யாராவது ஒரு படத்தைத் தொட்டுப் பெரிதாக்கினால் மட்டும் அதற்குப் பெரிய பிரதி போகும். ஆறாயிரம் படத்தையும் சர்வர் மூன்று மணி நேரம் அரைத்தது. அதற்குள் நான் இரண்டு வாளித் துணி துவைத்து, மாவாட்டி, அம்மாவிடம் இரண்டு முறை வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

ஓடுகிறது! ஓடுகிறது! ஓடுகிறது!

இரண்டு ஜிபி ரேம் உள்ள, மூலை உடைந்த அண்ணாச்சியின் பழைய ஃபோனில் ஆறாயிரம் படம் வெண்ணெயில் விரல் வைத்ததுபோல் வழுக்கிக்கொண்டு போகிறது. நான் நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினேன். கீழே எடிட்டிங்கில் இருந்தவர்கள் கூரை இடிந்துவிட்டதோ என்று எட்டிப் பார்த்தார்கள்.

அண்ணாச்சிக்கு எப்படி என்று தெரிந்தாக வேண்டும். விளக்கினேன். திரையில் ஒரு நேரத்துக்குத் தெரிவது பதினைந்து படம். எனவே படம் மாட்ட ஆறாயிரம் சட்டம் செய்யத் தேவையில்லை, மேலேயும் கீழேயும் ஒரு வரிசை கூடுதலாக இருபத்தொன்று போதும். மேலே தள்ளிப் போன சட்டத்தைக் கீழே கொண்டுவந்து, அதே சட்டத்தில் அடுத்த படத்தை மாட்ட வேண்டியதுதான்.

விரலால் ஒரு தள்ளு தள்ளிப் பார்த்தார். "அப்ப பந்தின்னு சொல்லு. ரெண்டாயிரம் பேர் வந்தா ரெண்டாயிரம் இலையா போடுதோம்? நூத்தம்பது இலை. ஒரு பந்தி எந்திரிச்சா அடுத்த பந்தி."

"அதேதான் அண்ணாச்சி!"

"இதுக்காம்மா இஞ்சினியரிங் படிச்ச? சமையக்காரன் சொல்லியிருப்பானே."

இந்த மனுஷனிடம் வாய் கொடுக்கக் கூடாது.

பிப்ரவரி 20, வியாழன்

ஒன்பது ஃபோன்களில் ஏற்றிக் கொடுத்தாயிற்று. பெண் வீட்டில் ஐந்து, மாப்பிள்ளை வீட்டில் நான்கு. ஒவ்வொருவரும் தங்கள் பெயரைப் போட்டு உள்ளே வந்திருக்கிறார்கள். சங்கரலிங்கம் சார் தன் நீளப் பெயரை அடிக்க வராமல் 'கடை' என்று போட்டிருக்கிறார்.

பிப்ரவரி 22, சனி

மானம் போயிற்று.

காலையில் தாணுவின் அத்தை நாகர்கோவிலிலிருந்து ஃபோன் செய்தார். மேடையில் பட்டுச்சேலையோடு நிற்கும் தன் படங்களாகப் பார்த்துப் பதினாறு டிக் போட்டாராம். லிஸ்ட்டில் பார்த்தால் அவர் இல்லை. பதினாறும் வாசலில் கிடக்கும் செருப்புப் படம், ஜெனரேட்டர் படம், யாரோ ஒரு மாமா கொட்டாவி விடும் படம். "என்னைப் பார்த்தா உங்களுக்கு ஜெனரேட்டர் மாதிரியா இருக்கு?" என்று கேட்டார். சிரிக்கக்கூட முடியவில்லை.

காரணம் கண்டுபிடிக்க நாலு மணி நேரம் ஆயிற்று. மேலே போன சட்டம் கீழே வருகிறது. புதுப் படம் இணையத்தில் வந்து சேர ஒரு நொடி தாமதம். அந்த ஒரு நொடி, சட்டத்தில் பழைய படமே நிற்கிறது. அத்தை அதைப் பார்த்து டிக் போடுகிறார். டிக் புதுப் படத்தின் கணக்கில் விழுகிறது. அத்தைக்கு விரல் வேகம் அதிகம், நாகர்கோவிலில் சிக்னல் வேகம் குறைவு. இரண்டும் சேர்ந்து என்னைக் கவிழ்த்துவிட்டன.

அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன். கேட்டுவிட்டு, "முந்தின பந்தி இலையை எடுக்காமலே அடுத்த ஆளை உக்கார வச்சிட்ட" என்றார். அதுதான் நடந்தது.

"சரி செஞ்சிரு. ஆனா இன்னொரு தடவை டிக் மாறி விழுந்துச்சுன்னு யாராவது சொன்னாவன்னா, நான் மேடை ஏற மாட்டேன் இசக்கி. இது கல்யாண விஷயம். ஒருத்தர் முகத்துக்குப் பதிலா இன்னொருத்தர் முகம் வந்தா குடும்பத்துக்குள்ள வெட்டுக்குத்து ஆயிரும்."

பிப்ரவரி 23, ஞாயிறு

சரி செய்தாயிற்று. சட்டம் கீழே வந்ததும் முதல் வேலை, பழைய படத்தைத் துடைத்துவிடுவது. புதுப் படம் வரும்வரை அந்தப் படத்தின் நிறத்தில் ஒரு வெறும் கட்டம்தான் தெரியும், அதில் டிக் விழாது. வேகமாகத் தள்ளும்போது நடுவில் கடந்துபோகும் படங்களுக்குக் கேட்ட கோரிக்கைகளை ரத்து செய்கிறேன். விரல் போகும் திசையில் அடுத்த இரண்டு திரைக்கான படங்களை முன்கூட்டியே வாங்கி வைக்கிறேன்.

கூடவே ஒரு பதிவேடும் போட்டேன். எந்த ஃபோன், எந்தப் படம், இணையத்திலிருந்து வந்ததா, ஃபோனிலேயே சேமித்ததிலிருந்து வந்ததா, எத்தனை முறை திறந்தது, எப்போது டிக் விழுந்தது, எல்லாம் நொடி சுத்தமாக என் சர்வரில் பதிவாகும். இனிமேல் யாராவது ஆப்பின் மேல் குற்றம் சொல்லட்டும், பார்க்கலாம்.

பழைய டிக் எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். எல்லோரும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அத்தையிடம் மன்னிப்புக் கேட்டேன். ஜெனரேட்டர் நலமா என்று கேட்டார்.

பிப்ரவரி 26, புதன்

நூற்றுப் பதினெட்டு டிக். ஒரு தப்பில்லை. இட்லி மூன்றுக்குப் பதில் ஏழு தின்றேன்.

பிப்ரவரி 28, வெள்ளி

நூற்றுத் தொண்ணூறு! பதிவேட்டைப் பார்ப்பதே பொழுதுபோக்காகிவிட்டது. மாப்பிள்ளையின் தங்கை தன் படத்தை மட்டும் பார்க்கிறாள். வடிவு ஒரு நாளைக்கு ஆயிரம் படம் தள்ளுகிறாள்.

ஆச்சரியம் என்னவென்றால் 'கடை' ஃபோன். வழக்கமாக எந்தக் குடும்பமும் மேடைப் படங்களைத் தாண்டிப் போகாது என்பார் அண்ணாச்சி. கம்ப்யூட்டரில் படம் திறக்காமல் சுற்றிச் சுற்றி நிற்கும், அலுத்துப்போய் மூடிவிடுவார்கள். சங்கரலிங்கம் சார் ஒன்றாவது படத்திலிருந்து ஆரம்பித்து, பாத்திரக்கடையில் உட்கார்ந்தபடி நாலு நாளில் ஆறாயிரத்தையும் கடந்துவிட்டார். என் ஆப்பால்தான் இது முடிந்தது. பெருமையாக இருக்கிறது, ஏன் மறைக்க வேண்டும்?

மார்ச் 1, சனி

ஒரு விசித்திரம். 4117ஆம் படம். 'கடை' ஃபோனில் நேற்றும் இன்றும் சேர்த்து முப்பத்தொரு முறை பெரிதாகத் திறந்திருக்கிறது. வேறு எந்தப் படமும் எந்த ஃபோனிலும் ஐந்து முறையைத் தாண்டவில்லை.

எங்கோ சுழலில் மாட்டிக்கொண்டு தானாகவே திறந்து மூடுகிறதா? படத்தை எடுத்துப் பார்த்தேன். பந்திப் படம். வரிசையாக இலை, சங்கரலிங்கம் சார் கை கூப்பியபடி ஒவ்வொருவரையும் கவனித்துக்கொண்டு போகிறார். கடைசி இலையில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரியவர் சோற்றில் கை வைத்தபடி அவரை நிமிர்ந்து பார்க்கிறார். சார் அந்த இலைக்கு வருமுன்பே திரும்பிவிட்டார், முதுகுதான் தெரிகிறது. சுமாரான படம். ஒளிகூடச் சரியில்லை.

ஒரு நல்ல செய்தி: இணையத்திலிருந்து ஒரே முறைதான் இறங்கியிருக்கிறது. மீதி முப்பது முறையும் ஃபோனிலேயே சேமித்ததிலிருந்து. என் சேமிப்பு வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா!

மார்ச் 3, திங்கள்

இருநூற்று எண்பத்தாறு. 4117 இப்போது ஐம்பத்திரண்டு முறை. நேற்று மதியம் 1:14க்கு அதில் டிக் விழுந்திருக்கிறது. என்ன கோளாறு என்று பிடிபடவில்லை. கோளாறு இருப்பதாகவும் தெரியவில்லை.

வீட்டில் கியாஸ் தீர்ந்துவிட்டது. அம்மா, "ஏட்டி, அந்த ஃபோனைப் பார்க்க நேரத்துல புக் பண்ணியிருக்கலாம்லா?" என்றாள். பண்ணியிருக்கலாம்.

மார்ச் 4, செவ்வாய்

எழுத எழுதப் பேனா தாளைக் குத்துகிறது. கோபத்தில்தான்.

காலையில் வடிவு ஃபோன் செய்தாள். "அக்கா, லிஸ்ட்ல 4117 இருக்கே, அது யார் டிக் போட்டது?"

"ஏன், என்ன ஆச்சு?"

"அது எங்க பெரியப்பாக்கா. தெய்வநாயகம் பெரியப்பா. அப்பாவுக்கும் அவங்களுக்கும் ஒம்பது வருசமா பேச்சு கெடையாது. கடைக்குப் புது போர்டு எழுதும்போது பெரியப்பா பேரை விட்டுட்டாங்கன்னு வந்த சண்டை. நாங்க பத்திரிகையே வைக்கல. அவங்க வந்ததே எங்க யாருக்கும் தெரியாது. பந்தில கடைசில உக்காந்து கை நனைச்சிட்டுப் போயிருக்காங்க. அம்மா பார்த்துட்டு ஒரே அழுகை."

பகை உள்ள வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டார்கள் எங்கள் பக்கம். பத்திரிகை வைக்காத கல்யாணத்துக்கு ஒரு அண்ணன் தானாக வந்து கை நனைத்துவிட்டுப் போனால் அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்து வடிவு சொன்னதுதான் என்னைக் கொளுத்தியது. வீட்டில் ஆளாளுக்குக் கேட்டதும் சங்கரலிங்கம் சார், "நான் போடல. அந்த ஆப்தான் தப்பு தப்பா டிக் போடுமே. ஜெனரேட்டருக்குப் போடல?" என்று சொல்லிவிட்டாராம். அதோடு அண்ணாச்சிக்கும் ஃபோன் போட்டிருக்கிறார்.

அண்ணாச்சி மாடிக்கு வந்தார். திட்டவில்லை. அதுதான் மோசம். "நான் அன்னைக்கே சொன்னேம்லா" என்று மட்டும் சொன்னார்.

பொய்! பச்சைப் பொய்! பதிவேட்டில் இருக்கிறது: 'கடை', 4117, மார்ச் 2, மதியம் 1:14:09. அதற்கு முன் நாற்பத்து நாலு முறை திறந்து பார்த்திருக்கிறார், பின்பு எட்டு முறை. படம் முழுதாக வந்த பிறகு, நன்றாகப் பார்த்த பிறகு விழுந்த டிக் அது. என் ஆப் ஒரு தப்பும் செய்யவில்லை. ஒரே ஒரு தாளில் அச்செடுத்து நீட்டினால் போதும். அண்ணாச்சி மேடையேறுவார், நான் இங்கேயே இருப்பேன்.

அச்செடுத்துவிட்டேன். நாளைக் காலையில் முதல் வேலையாகக் கடைக்குப் போகிறேன்.

மார்ச் 5, புதன்

போனேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வழியெல்லாம் ஹேமலதாவின் ஞாபகம். சென்னை ஆபீசில் எனக்கு எதிர் மேசை. ஒரு ஆப் வாடிக்கையாளர் முன்னால் விழுந்தபோது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பதிவேட்டைத் திரையில் போட்டு, தப்பு அவள் சோதிக்காமல் சோதித்ததாகக் கையெழுத்துப் போட்டதில்தான் என்று இருபது பேர் முன்னால் காட்டினேன். அவளுடைய அப்பா அந்த வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தது பிறகுதான் தெரிந்தது. அவளை அனுப்பிவிட்டார்கள். நான் சொன்னது சரி. அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. அதன் பிறகு மதியச் சாப்பாட்டுக்கு என் மேசைக்கு யாரும் வரவில்லை, அவ்வளவுதான். நானாகத்தான் வேலையை விட்டேன்.

கடைக்குள் பித்தளைக் குடமும் குத்துவிளக்கும் கூரைவரை அடுக்கியிருந்தன. உள்ளே, அண்டாக்களுக்குப் பின்னால், சார் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஃபோனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். கடைசி இலை மட்டும் திரை முழுக்க வந்தது.

என் செருப்புச் சத்தம் கேட்டதும் ஃபோனைக் கவிழ்த்துவிட்டார்.

"வாம்மா, ஸ்டுடியோ பிள்ளைதான?"

"ஆமா சார்." தாள் என் பைக்குள் இருந்தது. பைக்குள் கையும் போய்விட்டது.

அவர் என்னைப் பார்க்காமல் ஒரு செம்பைத் துடைத்தார். "அந்த ஆப்புல... யார் யார் எதைப் பார்த்தாவங்கிறதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா?"

எழுபது வயதை எட்டப்போகிற மனிதர். கடை வைத்திருப்பவர், குரலை உயர்த்தினால் தெருமுனைவரை கேட்கும் என்பார்கள். பள்ளிக்கூடத்தில் பிடிபட்ட பிள்ளைபோலக் கேட்டார்.

"தெரியாது சார்" என்றேன்.

சொன்ன பிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது.

"அந்த டிக் ஆப்போட தப்புதான் சார். மன்னிச்சிருங்க. நான் எடுத்துரட்டுமா?"

செம்பைத் துடைப்பது நின்றது. வெளியே தேரடிக்குப் போகிற மினி பஸ் ஒன்று விடாமல் ஹாரன் அடித்தது.

"நீ எடுக்க வேண்டாம்மா" என்றார் கடைசியில். "நான் பாத்துக்கிடுதேன்."

ஒரு சின்னக் கரண்டியைத் தாளில் சுற்றிக் கையில் கொடுத்தார். எதற்கென்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அண்ணாச்சியிடம், "தப்பு என்னோடதுதான்" என்று சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்தார். "அப்பக் கூட்டத்துல காட்ட வேண்டாம்" என்றார்.

மார்ச் 6, வியாழன்

நான் ஒரு முட்டாள்.

மார்ச் 7, வெள்ளி

இருநூற்றுத் தொண்ணூற்றொன்பதில் நிற்கிறது. யாரும் டிக் போடவில்லை, யாரும் எடுக்கவும் இல்லை. 4117 அப்படியே இருக்கிறது. வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லையாம். வடிவுதான் சொன்னாள்.

சென்னைக்காரர்களுக்கு வருகிறேன் என்று பதில் எழுதி வைத்தேன். இன்னும் அனுப்பவில்லை. அம்மா புதுப் பெட்டி வாங்கலாமா என்கிறாள். ஆப்பை ஒரு முறை ஒன்றிலிருந்து ஆறாயிரம் வரை தள்ளிப் பார்த்தேன். எவ்வளவு அழகாக ஓடுகிறது! அழுகையாக வந்தது.

மார்ச் 8, சனி

காலை பதினொன்றரைக்கு ஃபோன். சங்கரலிங்கம் சார்.

"ஏம்மா, இதுல இன்னும் ஒரு ஆளைச் சேக்கணும்னா எப்பிடிச் சேக்க?"

எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று புள்ளியைத் தொடுங்கள், 'ஆளைச் சேர்' என்று வரும், நம்பரைப் போடுங்கள் என்று சொன்னேன். ஒவ்வொன்றையும் திரும்பச் சொல்லிச் சொல்லிச் செய்தார். நம்பரை அவர் எங்கும் பார்த்துப் படிக்கவில்லை. மனப்பாடமாகவே சொன்னார், பத்து எண்ணும், ஒரே மூச்சில்.

"பேர் கேக்கு."

"அவங்க பேரைப் போடுங்க சார்."

எழுத்தைத் தட்டும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. பிறகு, "போட்டுட்டேன்" என்று வைத்துவிட்டார்.

நான் சர்வரைத் திறந்தேன். பத்தாவது ஃபோன், இன்னும் யாரும் திறக்கவில்லை. பெயர்: 'அண்ணன்'.

மாடியில் நான் போட்ட கூச்சலில் அண்ணாச்சி பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடி வந்தார். அவரிடம் சொல்ல முடியவில்லை. "ஒண்ணுமில்ல அண்ணாச்சி, ஒண்ணுமில்ல" என்று சிரித்தேன். மூளை கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பார்.

மூன்று மணிக்கு அந்த ஃபோன் உள்ளே வந்தது. ஏழு வருடப் பழைய மாடல், ஒன்றரை ஜிபி ரேம். இதில் மட்டும் ஆப் விழுந்தால்? முதல் திரையின் பதினைந்து படமும் ஒரு நொடிக்குள் போய்ச் சேர்ந்தன. அடுத்த திரை. அதற்கடுத்தது. விழவில்லை. கனமான விரல், மெதுவாகத் தள்ளுகிறார்.

பதிவேடு ஒவ்வொரு வரியாக ஓடிக்கொண்டிருந்தது: அண்ணன், 1. அண்ணன், 2. அண்ணன், 3. எந்தப் படத்தில் நிற்கப்போகிறார், எத்தனை முறை திறக்கப்போகிறார், எல்லாம் எனக்குத் தெரிந்துவிடும். இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் போதும்.

வெட்கமாக இருந்தது. யார் எந்தப் படத்தைப் பார்த்தார் என்று எழுதும் வரியை நிரலிலிருந்து எடுத்தேன். இதுவரை எழுதியதையும் அழித்தேன். எத்தனை படம் போயிற்று, ஆப் விழுந்ததா இல்லையா என்ற கணக்கு மட்டும் போதும். பைக்குள் மடித்துக் கிடந்த அந்த அச்சுத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுக் கீழே போய் எல்லோருக்கும் டீ சொன்னேன்.

ராத்திரி பதினொரு மணிக் கணக்கு: பத்தாவது ஃபோன், ஆறாயிரத்து இருநூற்றுப் பதினெட்டுப் படம், ஒரு முறைகூட விழவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

காலை ஏழரைக்குப் பத்தாவது ஃபோனிலிருந்து கடைசி டிக் வந்தது: முந்நூறு, முடிந்தது.

எட்டு மணிக்கு அண்ணாச்சி வீட்டு வாசலில் பைக்கோடு நின்றார். "கிளம்பு. சங்கரலிங்கம் பேசினாரு. 'ஆப்ல ஒரு தப்பும் கெடையாது, நான்தான் போட்டேன், அந்தப் பிள்ளை மேல பழி போட்டுட்டேன்'னு சொன்னாரு. ஏம்மா, உனக்குத் தெரியும்லா? தெரிஞ்சும் என்கிட்ட ஏன் அப்பிடிச் சொன்ன?"

"மேடைக்கு நேரமாச்சு அண்ணாச்சி."

"வாயைப் பாரு" என்றார். சிரிப்பை அடக்கியதில் மீசை ஆடியது.

கூட்டத்தில் அறுபது பேராவது இருப்பார்கள். அண்ணாச்சி மூலை உடைந்த அந்த ஃபோனைத்தான் பெரிய திரையோடு இணைத்தார். புது ஃபோன் எல்லாம் வேண்டாம், இதில் ஓடினால்தான் நம்புவார்கள் என்றார். ஒரு தள்ளு தள்ளினார். ஆறாயிரம் படமும் ஆற்றில் வெள்ளம் போவதுபோல் போயின. எங்கும் ஒரு கட்டம்கூட நிற்கவில்லை. யாரோ விசில் அடித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. சென்னைக்கு எழுதி வைத்த பதிலை அங்கேயே, அந்த நாற்காலியிலேயே அழித்தேன்.

பிறகு லிஸ்ட்டைத் திறந்து முந்நூறையும் காட்டினார். தாலி கட்டு, மாலை மாற்று, பட்டுச்சேலையில் அத்தை, பந்தி. கடைசியாகச் சேர்ந்த படத்தை நானும் அப்போதுதான் முதல் முறையாகப் பார்த்தேன். முகூர்த்தத்துக்கு எட்டு நிமிடம் முன்னால் எடுத்தது. மண்டபத்துக்குள் எல்லோரும் போய்விட்டார்கள். வாசலில் வாழைமரத்துக்குக் கீழே சங்கரலிங்கம் சார் மட்டும் நிற்கிறார். பெண்ணின் அப்பா மேடையில் இருக்க வேண்டிய நேரம். அவர் தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், யாரோ வருவார்கள் என்பதுபோல்.

முன்வரிசையில் அம்பாசமுத்திரத்து ஸ்டுடியோக்காரர் ஒருவர் எழுந்தார்.

"என்ன அண்ணாச்சி, ஆளில்லாத வாசல்ல ஒருத்தர் தனியா நிக்காரு. இந்தப் படத்தைப் போய் யார் செலக்ட் பண்ணினது? இது டிக் மாறி விழுந்ததுல்லா?"

அண்ணாச்சி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் எழுந்து நின்றேன். பின்வரிசைவரை கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன்.

"மாறி விழல. அவரோட அண்ணன் போட்டது."